நனைந்த தாள்

வட இங்கிலாந்தின் நார்தம்பிரிய மடத்தில் நற்செய்தி நூலைத் தோல்தாளில் பிரதியெடுப்பது என் வேலை. மூன்று நாட்களாகக் காலையில் வந்து, மேலே மூடி வைத்த தோலை விலக்கிப் பார்த்தால் ஒரு தாளில் மட்டும் எழுத்து அழிந்திருந்தது. சொரசொரப்பான நாக்கு நக்கியதுபோல் தோல் நனைந்து கிடந்தது.

"மாட்டை உள்ள விட்டியாடா? ஈஸ்டருக்குள்ள முடிக்கல, உன் தோல உரிச்சிருவேன்," என்றார் மடத்தலைவர் வின்பெர்ட்.

தோல் சுரண்டித் தரும் தோன்பெர்ட்டிடம் தாளைக் காட்டினேன்.

"கன்னுக்குட்டித் தோலுங்க சாமி. குளிருக்கு முன்னாடி அறுத்தோம்."

"தாய்ப்பசு?"

"கன்னத் தேடி ஓயாம கத்துச்சு. அதையும் அறுத்தாச்சு. இதுக்கு மேல மூடி வச்சிருந்தீங்களே, அது தாயோட தோலுதான்."

இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் கன்றின் தாளில் எழுத்து அப்படியே இருந்தது. தாயின் பெட்டிக்கு அடியில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.