பதின்மூன்றின் மீதி

பத்து இலக்க எண் ஒன்றைக் கையாலேயே வகுத்து வகுத்து, அது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண்தான் என்று நிரூபிக்கும்வரை தாடியை எடுப்பதில்லை என்று ஏகாம்பரம் சபதம் போட்டு வருஷங்கள் ஓடிவிட்டன. தாடி தொப்புளைத் தொட்டுவிட்டது. முந்தாநாள் ரசமும் போன தீபாவளி அதிரசமும் அதில் சமாதானமாகக் குடியிருந்தன. எறும்புகள் அதற்குள் பேரன் பேத்தி எடுத்திருந்தன. அவர் பக்கத்தில் வந்தாலே மனைவி அம்சவேணிக்குக் குமட்டும்.

இன்று கடைசி வகுத்தலிலும் மீதி விழுந்துவிட்டது. தாடி முழுக்க சோப்பு நுரையோடு கண்ணாடி முன் உட்கார்ந்த ஏகாம்பரம், "அம்சா, மீதியை எல்லாம் ஒரு தடவை வாசிச்சிடு. எங்கேயாவது மீதி இல்லேன்னா வேற எண் எடுத்து முதல்லேருந்து தொடங்கணும்," என்றார்.

"தாடி?"

"அதுவும் அதுவரைக்கும் இப்படியேதான்."

அவள் தாள்களைப் புரட்டினாள். பதின்மூன்றால் வகுத்த தாளில் மீதி ஒன்று. அந்த ஒன்று மட்டும் கொஞ்சம் மேடாக இருந்தது. நெருடிப் பார்த்தாள், நகத்தோடு பெயர்ந்து வந்தது. என்றைக்கோ தாடியிலிருந்து உதிர்ந்து காய்ந்த பாயாசத்துச் சேமியா. அதன் அடியில் வெறும் தாள். எண் அன்றைக்கே மிச்சமில்லாமல் வகுபட்டுப் போயிருக்கிறது.

"பதிமூணுல என்னடி வந்திருக்கு?" கத்தி தாடியருகே காத்திருந்தது.

அம்சவேணி கண்ணை இறுக மூடிக்கொண்டு சேமியாவை நாக்கில் வைத்து நனைத்தாள். பிறகு அதை இருந்த இடத்திலேயே நிமிர்த்தி ஒட்டினாள்.

"ஒண்ணுங்க," என்றாள்.