ரிப்போர்ட்டில் நாற்பத்தெட்டு

“நாற்பத்தெட்டா! அம்மாவுக்குப் போன தடவை மூணுதானே இருந்தது டாக்டர்?”

பட்டறையிலிருந்து கைக்கரியைக்கூடக் கழுவாமல் ஓடிவந்த மெக்கானிக், நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். “லேப்காரன் ரிப்போர்ட்டை மாத்திட்டானா? போய் ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வரேன்!”

“உட்காருங்க. ரெண்டு தடவை பார்க்கச் சொல்லிட்டேன், அதே எண்தான்,” என்றார் டாக்டரம்மா. “இந்த டி.எஸ்.எச். ஏறினா உடம்புல தைராய்டு ஹார்மோன் குறைஞ்சுபோச்சுன்னு அர்த்தம். மாத்திரையை நிறுத்திட்டீங்களாம்மா?”

“பத்து வருஷத்துல ஒரு நாள் விட்டதில்லை,” என்றாள் அவன் அம்மா. “எழுந்ததும் வெறும் வயித்துல, தண்ணியோட. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காப்பி. கால்சியம் மாத்திரைகூடச் சாயந்திரம்தான்.”

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் போய் இறங்க ஓர் இடம் வேண்டுமே? பின்னால் திரும்பினான். சுவரோரம், ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு அவன் மனைவி தூங்கி வழிந்துகொண்டிருந்தாள்.

“பாருங்க டாக்டர், வந்த இடத்துலயும் தூக்கம்! இவளையும் கூட்டிட்டு வான்னு அம்மா ஒரே அடம். எதுக்கு, இதுக்கா? ஒரு வருஷமா இதே பாட்டுதான். அசதியாம், குளிருதாம், முடி கொட்டுதாம். டெஸ்ட் வேற எடுக்கணுமாம்! நாள் பூரா வண்டிக்கு அடியில கிடக்கிற எனக்கு அசதி இல்லையா? சோம்பேறித்தனத்துக்கு எந்த லேப்ல டெஸ்ட் இருக்கு?”

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அம்மாவின் விரல்கள் கைப்பை வாரைத் திருகிக்கொண்டிருந்தன.

“கத்தாதீங்க,” என்றார் டாக்டரம்மா. “நாற்பத்தெட்டுன்னா விளையாட்டில்லை. படுக்கையை விட்டு எழுந்திருக்கிறதே பெரும்பாடா இருக்கும். இத்தனை நாள் வீட்டுல ஒருத்தர் கண்ணுலயும் படலையா?”

அவன் அம்மா பக்கம் திரும்பினான். “ஏம்மா சொல்லலை? பாட்டரி இறங்கின வண்டியை உதைச்சா ஓடுமா? இந்த உடம்பை வெச்சுக்கிட்டு அத்தனை வேலையும் செய்ய விட்டிருக்கேனே, நான்லாம் ஒரு மனுஷனா!”

“நல்லாக் கேட்டேடா,” என்றாள் அம்மா.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். “மாத்திரை அளவைக் கூட்டி எழுதறேன். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கணும்.”

“எனக்குக் கூட்டாதீங்க டாக்டர். என் ரத்தத்தை இனிமேதான் எடுக்கணும்.”

அம்மா எழுந்தாள். மருமகளைக் கைபிடித்துக் கூட்டிவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“லேப் பொண்ணு வீட்டுக்கு வந்தப்போ, என் பேரைச் சொல்லி நான் நீட்டச் சொன்னது இவ கையைத்தான்.”