ஜன்னலம்மா சொன்ன அளவு

"இனிமே உங்களுக்குத் தைச்சுக் கொடுக்க எங்களால முடியாதும்மா."

சொல்லியே விட்டாள். காலையிலிருந்து பாத்திரம் கழுவும்போதும், குழந்தைக்குச் சட்டை மாட்டும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம். பாதியில் நிறுத்திவிடுவோமோ என்று பயந்தாள். நிறுத்தவில்லை.

எதிரே நின்ற ஜன்னலம்மா, கையிலிருந்த ஜன்னல் ஸ்கிரீனை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

ஜன்னலம்மா என்பது நாத்தனார் வைத்த பெயர். மூன்று மாடி வீட்டை வைத்துக்கொண்டு அறை அறையாக வாடகைக்கு விடுபவர். ஓர் அறைக்கு ஆள் மாறினால் அந்த அறைக்குப் புது ஸ்கிரீன். தைத்துப் போனதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வரும், ஒவ்வொரு தரமும் ஒரே புகாரோடு.

"ஒரு அங்குலம் குறையுதேம்மா. கீழால வெளிச்சம் வருது."

அடியில் பட்டி கொடுத்துத் தைக்க வேண்டும். துணி இவளுடையது, அரை நாள் வேலையும் இவளுடையது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

முதலில் நல்ல மனுஷியாகத்தான் இருந்தார். குழந்தை தவழ ஆரம்பித்த நாளிலிருந்துதான் என்ன வந்ததோ, ஒன்றுகூடச் சரியில்லை என்கிறார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வந்து அளந்துக்கட்டுமா என்று கேட்டால், "நீ வராதே, நானே அளந்து போன்ல சொல்றேன்" என்பார். அதுதான் இவளுக்குச் சுருக்கென்று தைக்கும். மற்ற எல்லார் வீட்டுக்கும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அளந்து வருகிறாள். எங்கேயும் ஒரு நூல் பிசகியதில்லை. இந்த அம்மாவுக்கு மட்டும் இவள் கைமேல் நம்பிக்கை இல்லை.

"நீங்க தலையாட்டற வரைக்கும் அவங்க தலையில ஏறித்தான் உக்காருவாங்க, அண்ணி" என்று நாத்தனார் பக்கத்து மெஷினிலிருந்து ஓதிக்கொண்டே இருந்தாள். நஷ்டத்துக்கு நடத்தினால் அதற்குக் கடை என்று பேரில்லை, தர்மசத்திரம் என்றுதான் பேராம். இவளுக்கோ யாரிடமும் முடியாது என்று சொன்னால் குலை நடுங்கும். ஆனால் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

ஜன்னலம்மா சண்டை போடவில்லை. குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சரிம்மா. உனக்கு எது சௌகரியமோ அப்படியே செய்."

ஸ்கிரீனை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்பாடா.

இடுப்பிலிருந்த குழந்தைகூட எடை குறைந்ததுபோல் இருந்தது. நாத்தனார் டீ போட்டாள், சர்க்கரையைத் தாராளமாகவே அள்ளிப் போட்டாள்.

"பீடை விட்டுது. அந்த நைஞ்சுபோன டேப்பையும் தலையைச் சுத்தித் தூக்கிப் போடுங்க. புதுசு வாங்கி வெச்சிருக்கேன்."

அந்தப் புது டேப்பை மேஜைமேல் கிடந்த ஸ்கிரீனில்தான் முதலில் வைத்தாள் நாத்தனார். அந்தம்மா எவ்வளவு பொய் சொல்கிறார் என்று பார்த்துவிட வேண்டுமாம்.

அளந்தாள். இன்னொரு தரம் அளந்தாள்.

"அண்ணி, அவங்க போன்ல சொன்ன அளவுக்கு நிஜமாவே ஒரு அங்குலம் குறையுது."

இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பழையதில் முதல் அங்குலமே இல்லை.

இவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. குழந்தை தவழ ஆரம்பித்த புதிதில் டேப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. நுனியில் இருந்த தகரம் நாக்கைக் கிழித்துவிட்டால்? பெயர்ந்து தொண்டைக்குள் போய்விட்டால்? பதறிப்போய்க் கத்திரியை எடுத்துத் தகரத்தை நறுக்கி எறிந்தாள். அதோடு ஓர் அங்குலமும் போயிருக்கிறது. கைப்பழக்கத்தில் அளப்பவள் டேப்பின் நுனியை எங்கே பார்த்தாள்?

"அப்போ மத்த வீட்டுக்கெல்லாம் எப்படிச் சரியா வந்துது?" என்றாள் நாத்தனார்.

அங்கெல்லாம் அளந்ததும் இதே மொட்டை டேப், வெட்டியதும் இதே மொட்டை டேப். தப்புக்குத் தப்பு சரியாகப் போயிற்று. ஒழுங்கான டேப்பில் அளந்து சொன்னது ஜன்னலம்மா ஒருவர்தான்.

டீ ஆறிப்போயிற்று. போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். தகரத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.  அந்தப் பக்கம் ஜன்னலம்மாவின் சிரிப்பு கேட்டது.

"அப்பாடா. எங்க வீட்டு ஜன்னல்தான் வளருதோன்னு நான் கவலைப்பட்டுக்கிட்டிருந்தேன்."

இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணீரோடு. எல்லா ஸ்கிரீனையும் சரிசெய்து தருவதாகச் சொன்னாள். இன்றைக்கே வந்து தானே அளந்துகொள்வதாகவும் சொன்னாள்.

"நீ வராதே. நானே அளந்து சொல்றேன்."

மறுபடியும் அதே பேச்சு. இன்னும் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவும் செய்துவைத்தவள்மேல் எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் கடையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, கையில் புது டேப்பும் இடுப்பில் குழந்தையுமாகக் கிளம்பினாள்.

ஏணியை நிமிர்த்தி வைத்ததுபோல் செங்குத்தான படி, ஒரு கால் வைக்கவே இடம் போதாது. இரண்டாம் மாடி தாண்டும்போது குழந்தை துள்ளி வெளியே எட்டிப் பார்த்தது. இவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினாள்.

கதவைத் திறந்த ஜன்னலம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. பிடுங்காத குறையாகக் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"உனக்குப் புத்தி இருக்கா? பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இந்தப் படியில ஏறி வந்துடுவியேன்னுதானே, இத்தனை நாளா முட்டிவலியோட ஸ்டூல்ல ஏறி நானே அளந்து சொன்னேன்?"