கடையிலிருந்து வந்த கேமரா

தன் ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் உழைத்த கேமராவை அழகரசன் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலுக்கு மேலே தெருவைப் பார்க்க மாட்டினார். கேமராவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"தாழ்ப்பாளண்ணே, கடையில யார் வந்தாலும் 'வாங்க வாங்க'ன்னு உள்ளே கூப்பிடுவாங்க. வேலை செய்றவங்க வெளியே போறப்பதான் பையைத் திறந்து பார்ப்பாங்க. இங்கே எல்லாம் தலைகீழா இருக்கே?"

"வீடுன்னா அப்படித்தான் தம்பி," என்றது கதவின் தாழ்ப்பாள். "வர்றவங்களைத்தான் 'யாரு'ன்னு கேட்போம். உள்ளே இருக்கிறவங்க நம்ம ஆளுங்க."

"சமைக்கிற செண்பகமுமா?"

"பன்னிரண்டு வருஷமா."

மறுவாரம் வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனது. அழகரசன் ஸ்டூல் போட்டு ஏறி, கேமராவைக் கழற்றி, கதவுக்கு உள்ளே கூடத்தைப் பார்க்க மாட்டிவிட்டார். மோதிரம் அன்று மாலையே சோப்புப் பெட்டியில் கிடைத்தது. கேமராவை மறுபடி வெளியே மாட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் வேலை முடித்துக் கிளம்பிய செண்பகம், யாரும் கேட்காமலேயே கேமராவுக்கு நேராக நின்று, பையை விரித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

கேமராவுக்கு அது நன்றாகப் பழகிய காட்சி. ஆவலோடு கேட்டது: "அண்ணே, நாம எப்போ கடைக்குத் திரும்பி வந்தோம்?"