பாதித் தாடி

சவரக்கத்தி இருக்க வேண்டிய சலூன் கடைக்காரரின் கையில், மகளிடமிருந்து பிடுங்கி வந்த நாவல் இருந்தது. நாற்காலியில் பாதித் தாடியோடு காத்திருந்த பெரியவர் கனைத்தார்.

"தாடி பேத்திக்குக் குத்துதாம். மீதியையும் எடுத்துடுங்களேன்."

"ஒரே ஒரு பக்கம் சார்," என்றார் கடைக்காரர். "எல்லை தாண்ட ஒரு பையன் லாரியில உப்பு மூட்டைக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கான். தகரம் மோவாயைக் கிழிச்சிடுச்சு. காயத்துல உப்பு வேற. வெளியே போலீஸ். கத்தவும் முடியாது."

"எனக்குத் தெரியும். அவன் கடைசியில..."

"முடிவை மட்டும் சொல்லிடாதீங்க சார். பிழைப்பானா மாட்டானான்னு ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடே இறங்கல."

பெரியவர் மீதித் தாடியைத் தொட்டுக் காட்டினார்.

கடைக்காரர் மனமில்லாமல் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதித் தாடியைக் கத்தரித்து, நுரை பூசி மழிக்க ஆரம்பித்தார். மோவாய்க்கு வந்ததும் கத்தி நின்றது. அங்கே கோணல்மாணலாக ஒரு பழைய தழும்பு.

கடைக்காரர் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். பெரியவர் சங்கடமாகச் சிரித்தார்.

"அந்த உப்பு எரிஞ்ச எரிச்சல் இருக்கே, அதை எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷமாச்சு."

கடைக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"போங்க சார், முடிவைச் சொல்லிட்டீங்களே."