வராத ஜீப்

மில் போராட்டத்தில் செல்லக்கனியின் மகனைப் போலீஸ் சுட்டுக் கொன்ற நாள் வந்தால், விடிந்ததும் அவள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்கும். நினைவுக் கூட்டத்துக்கு அவள் போய்விடக் கூடாதென்று, பொழுது சாயும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து அனுப்புவார்கள். பதினெட்டு வருஷமாக இதே கூத்துதான். இந்த வருஷமும் குளித்து, தூக்குவாளியில் புளிச்சோறு எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பத்து மணியாகியும் ஜீப்பைக் காணோம். மனசு கேட்காமல் தானே நடந்து ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தடவை கூட்டம் போட யாரும் பெர்மிஷன் கேக்கல பெரியம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க."

"அப்ப நீங்களும் மறந்துட்டீங்களா ஏட்டையா?"

தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் எப்போதும் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.