செம்பின் இரண்டு கை

துறைமுகத்துத் தண்ணீரில் ஒரு பாசி வளர்ந்தது. பக்கத்துப் படகின் பெயின்ட்டிலிருந்து செம்பு கரைந்து வந்தது. பாசியைக் கொல்லத்தான் அந்தப் பெயின்ட்டே. பாசிக்கு அது தெரியாது. ஆற்றிலிருந்து வந்த கலங்கல்தான் செம்பின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"பாசியக்காவை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன், விடுங்க" என்றது செம்பு.

பாசிக்குக் கலங்கலைக் கண்டாலே ஆகாது. "உன் அழுக்குல எனக்கு வெயிலே படல. தொலைஞ்சு போயேன்" என்றது.

"நான் போனா இவன் கை சும்மா இருக்காது" என்றது கலங்கல்.

"அவனாவது அக்கான்னு கூப்பிடுறான். நீ?"

மழை நின்றது, ஆறு வற்றியது, கலங்கல் அலையோடு போய்விட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்தது. பாசி முதல்முறையாக முழு வெயிலைப் பார்த்தது.

"அப்பாடா!" என்றது.

"அப்பாடா!" என்றது செம்பும், இரண்டு கையையும் உதறிக்கொண்டு.